இருபதாவது சீட்டு

அத்தியாயம் 17

கோபத்தோடு தையல் மெஷினை மிதித்தால் தையல் கோணிக்கொண்டு போகும். இருபது வருஷமாக ஊருக்குத் துணி தைக்கிற டெய்லரம்மாவுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் மிதித்தாள். ஞாயிற்றுக்கிழமை, இன்னும் பால்காரர்கூட வரவில்லை. பன்னிரண்டாவது வீட்டு ஜன்னல் திரையின் ஓரம் ஆறு போகிற மாதிரி வளைந்து வளைந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள், மறுபடி தைத்தாள். யார் குடியிருக்கப் போகிற வீடானால் என்ன, திரை கோணலாகத் தொங்கக் கூடாது.

கோபம் கணவர் மேல். கொஞ்சம் ஆண்டவர் மேலும் சிந்தியிருந்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலே வரி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஆறு கரை மீறி வந்து கீழ்த்தெருவை மொத்தமாக வழித்துக்கொண்டு போனது. அன்று ஆலயத்தின் மொட்டை மாடியில் ஏறி நின்றவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள், வீடுகள்தான் பிழைக்கவில்லை. சபையில் பத்தொன்பது குடும்பங்களுக்குக் கூரை இல்லாமல் போயிற்று. வெளியூர்ச் சபைகள் கைகொடுத்ததில் மேட்டு நிலத்தில் பன்னிரண்டு வீடுகள் எழும்பின. பன்னிரண்டையும் அஸ்திவாரத்திலிருந்து நின்று கட்டியவர் டெய்லரம்மாவின் கணவர், கொத்தனார். பத்தொன்பது பேருக்குப் பன்னிரண்டு வீடு என்றால் எப்படிப் பிரிப்பது? குடும்பத்துக்கு ஒரு சீட்டு, குலுக்கிப் போட்டு எடுப்பது என்று முடிவானது. அந்தக் குலுக்கல் இன்றைக்கு, ஆராதனை முடிந்ததும்.

கோபத்துக்குக் காரணமான சங்கதி இதுதான். புதன்கிழமை கொத்தனாரின் சட்டையைத் துவைத்துப் பிழிந்தபோது பையில் ஒரு காகிதம் நசுங்கிக்கொண்டு வந்தது. நீல மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. ‘கொத்தனார் குடும்பம்’. குலுக்கலுக்காக ஆலயத்து மண்டபத்தில் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்க வேண்டிய சீட்டு.

“போட்டாச்சா?” என்று அதற்கு முந்தின ஞாயிறே கேட்டிருந்தாள். “உம்” என்றிருந்தார். அந்த ஒரு ‘உம்’மை அவள் நான்கு நாளாக மென்றுகொண்டிருந்தாள்.

கேட்டுவிடலாம். கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் அலமாரிக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அவர்கள் இருப்பது ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு. பள்ளிக்கூடம் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த அறை. கரும்பலகையில் இன்னும் பின்னக் கணக்கு ஒன்று பாதியில் நிற்கிறது. அறையின் குறுக்கே இரண்டு புத்தக அலமாரிகள். இந்தப் பக்கம் கொத்தனார், டெய்லரம்மா, கொத்தனாரின் அக்கா. அந்தப் பக்கம் கடிகாரக்காரர், தனி ஆள். ஊரில் நனைந்துபோன கடிகாரங்களை எல்லாம் வாங்கி வைத்து உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உயிர் வந்த கடிகாரங்கள் அதைச் சொல்லிக்கொள்ள நேரம் காலம் பார்ப்பதில்லை. ஒன்று மூன்று மணிக்குப் பன்னிரண்டு அடிக்கும், இன்னொன்று அதற்குப் போட்டியாக அலாரம் வைக்கும்.

இதற்காக அலமாரியைத் தட்டிச் சண்டைக்குப் போகிற ஒரே ஆள் கொத்தனாரின் அக்கா. தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் பிரிவில் முப்பது வருஷம். ஆபீஸில் கிடைக்காத பிரமோஷனை வீட்டில் கொடுத்து எல்லோரும் அவளைப் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், வந்த விண்ணப்பங்களில் ஒன்றிலும் விலாசம் சரியாக இல்லை என்பாள். அவளுக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவர்கள் ஊரில் கிடையாது, அலமாரிக்கு அந்தப் பக்கத்து ஆளைத் தவிர.

மாதக் கடைசியில் பள்ளிக்கு இந்த அறை திரும்ப வேண்டும். தலைமை ஆசிரியை போன வாரம் வந்து, சொல்லவே கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். அது ஒரு பக்கம். நேற்று மகள் போன் செய்தாள். வெளியூரில் நர்ஸ் படிப்பு. போன விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போக, இவள் மட்டும் ஹாஸ்டலிலேயே இருந்தாள்.

“இந்த லீவுக்கு வரட்டுமாம்மா?” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “எங்கேம்மா வரணும்?” என்றாள்.

வா என்று சொல்லத் தெரிந்தவளுக்கு எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. டெய்லரம்மா மெஷினை நிறுத்தினாள். நூலைக் கடித்துத் துண்டித்தாள். திரைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மங்கிப்போன அந்தச் சீட்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆலயத்துக்குக் கிளம்பினாள். கொத்தனார் முகம் கழுவிக்கொண்டிருந்தார். “இவ்வளவு சீக்கிரமாவா?” என்று கேட்டதற்கு, திரைக்குக் கம்பி அளவு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளும் ஒரு ‘உம்’ போட்டாயிற்று.

ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில் ஒருவரும் இல்லை. நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. மேஜைமேல் பிஸ்கட் டப்பா. அதற்குப் பூட்டும் இல்லை, காவலும் இல்லை. இந்தச் சபையில் பிஸ்கட் டப்பாவைப் பூட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

திரைகளை எண்ணி அடுக்கினாள். ஏற்கனவே நேராக இருந்த அடுக்கை இன்னொரு தடவை நேராக்கினாள். டப்பாவைப் பார்க்கக் கூடாது என்று பார்த்தால், கண் அங்கேதான் போகும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டு. இது எங்கள் சீட்டு. எங்கள் சீட்டை நான் போட்டால் அது எப்படித் தப்பாகும்? வாதம் கச்சிதமாகத்தான் இருந்தது. இருந்தும் கை டப்பாவுக்கு நீளவில்லை. கண்ணை மூடி, ஆண்டவரே, இது தப்பென்றால் இப்போதே சொல்லிவிடும் என்று கேட்டாள். பத்து எண்ணும்வரை காத்திருந்தாள். வெளியே ஒரு சைக்கிள் போயிற்று. வேறு எதுவும் நடக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மூடியைத் திறந்து சீட்டைப் போட்டு, மற்ற சீட்டுகளோடு கலந்து மூடிவிட்டாள்.

ஆண்டவருக்குப் பத்து எண்ணுவதற்குள் பதில் சொல்லிப் பழக்கமில்லை என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஒன்பது மணி ஆராதனைக்கு ஆலயம் நிறைந்திருந்தது. பழைய பெஞ்சுகள் போன இடம் தெரியவில்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். ஆனால் பாட்டு பழையபடி வந்துவிட்டது. முதல் மாதங்களில் இரண்டாவது சரணத்துக்குள் பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இப்போதெல்லாம் கடைசிச் சரணம்வரை போகிறார்கள், போதாக்குறைக்கு லாரி டிரைவர் எட்டுக்கட்டை எடுக்கிறார்.

வெள்ளத்துக்குப் பிறகு இந்தச் சபையில் புதிதாக ஒரு வழக்கம். பிரசங்கம் முடிந்ததும் ஐந்து நிமிஷம், யாருக்கு எது திரும்பக் கிடைத்ததோ அதை எழுந்து சொல்லலாம். ஆரம்பத்தில் எல்லாம் பொருள்கள். குக்கர் மூடி கிடைத்தது, ரேடியோ கிடைத்தது, பக்கத்து ஊர் வேலியில் என் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது என்பார்கள். நாளாக ஆக வேறு மாதிரி ஆயிற்று. போன மாதம் லாரி டிரைவர் எழுந்து, “எனக்குத் தூக்கம் கிடைச்சுது” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

இன்று எழுந்தது ரொட்டிக் கடைக்காரம்மா. மாவு மூட்டைகளை ஆற்று வெள்ளம் மண் மூட்டை மாதிரி வாரிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள். தூறல் விழுந்தாலே காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள் என்று அவள் மகன் சொல்லி எல்லோருக்கும் தெரியும்.

“வியாழக்கிழமை மழை பெஞ்சுதில்ல? நான் ஜன்னல் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சேன்” என்றாள். “டீ ஆறிப்போச்சு. பாத்துக்கிட்டே இருந்துட்டேன். எனக்கு மழை திரும்பக் கிடைச்சுது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கைக்குட்டையில் நீல மை ஒட்டியிருந்தது. சட்டென்று மடித்து மறைத்துக்கொண்டாள்.

அதன்பின் எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். போதகர் சுருக்கமாக ஜெபித்தார். கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்காதவர்களின் முகம் மறக்கக் கூடாது, கிடைக்காதவர்களுக்குக் கிடைத்தவர்கள்மேல் கசப்பு வரக் கூடாது, மீதி ஏழு வீடுகளுக்கும் வழி திறக்க வேண்டும் என்பதுதான் ஜெபத்தின் சாரம். சீட்டு எடுப்பதற்குப் பல் டாக்டரைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மூன்றாவது மாடியில் இருப்பவர், வீடு போகவில்லை, குலுக்கலில் அவருக்குச் சம்பந்தமில்லை. தவிர, வலிக்காமல் எடுக்கத் தெரிந்தவர் என்று கடிகாரக்காரர் பின்வரிசையிலிருந்து சொன்னார். அப்படியானால் உங்கள் பல்லில் ஏன் இன்னும் பாதி பாக்கி என்று போஸ்ட்மாஸ்டர் திரும்பாமலே கேட்டாள். மண்டபம் சிரித்தது.

முதல் சீட்டு ரொட்டிக் கடைக்கு. ஒன்றாம் எண் வீடு. ரொட்டிக் கடைக்காரம்மா எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். இரண்டாவது, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு. மூன்றாவது, போன மாதம் இரட்டைக் குழந்தை பெற்ற தம்பதிக்கு. அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

நான்காவது சீட்டைப் பிரித்த டாக்டரம்மா, “கொத்தனார் குடும்பம்” என்றார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கட்டினவனுக்கு ஒரு வீடு, கட்டாதவனுக்குப் பல வீடு என்று பழமொழி உண்டு. கட்டினவருக்கு அந்த ஒன்றாவது கிடைத்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி. போதகர் மட்டும் கைதட்டவில்லை. கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் பேயைக் கண்டவர் போல் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்பது டெய்லரம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. டாக்டரம்மா சீட்டை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற காகிதம். கருப்பு மை. ஒவ்வொரு எழுத்தும் கோடு போட்டு உட்கார வைத்த மாதிரி. நசுக்கலும் இல்லை, நீலமும் இல்லை.

அது அவள் போட்ட சீட்டு இல்லை.

அந்தக் கையெழுத்தை அவள் எங்கேயும் அடையாளம் சொல்வாள். பக்கத்தில் திரும்பினாள். போஸ்ட்மாஸ்டர் எதுவுமே நடக்காத மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்களே, டெய்லரம்மாவின் நிலைமை அதுதான். ஒரு சீட்டு கைதட்டு வாங்கிவிட்டது. இன்னொரு சீட்டு டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரு தடவை விழுந்த குலுக்கலில் இவர்களுக்கு மட்டும் இரண்டு தடவை. வாயை மூடிக்கொண்டிருந்தால்? மற்றது வெளியே வந்தாலும், மை மங்கிய சீட்டு, ஏதோ தவறுதலாக விழுந்திருக்கும் என்று சபையே சிரித்து விட்டுவிடும். கொத்தனாரைச் சந்தேகப்பட இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை. நாலாம் எண் வீட்டின் சமையலறை ஜன்னல் அவளுக்குத் தெரியும். திரைக்கு அளவெடுத்தவளே அவள்தானே. இன்று மாலை மகளுக்குப் போன் செய்து, வா, நாலாம் எண், பச்சைக் கதவு என்று சொல்லலாம்.

அப்போதுதான் ரொட்டிக் கடைக்காரம்மா எட்டி வந்து அவள் கையைப் பிடித்தாள். “கேட்டவங்களுக்குக் குடுக்கிறவர்ம்மா அவர்” என்றாள் காதோடு. அந்தக் கை சில்லென்று இருந்தது. மழையைத் திரும்பப் பெற்றதை மறைக்காமல் எழுந்து சொன்னவளின் கை. பின்வரிசையில் சலூன்காரரும் அவர் மனைவியும், இன்னும் பெயர் வராத மற்றவர்களும் உள்ளபடியே சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைதட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முன்வரிசையில் கொத்தனார் எழுந்திருக்கப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

“எனக்கு ஒண்ணு கிடைச்சுது, சொல்லணும்” என்றாள். ஆலயத்தில் சொல்ல மறந்ததை இங்கே சொல்கிறாள் போலிருக்கிறது என்று எல்லோரும் அன்பாகத் திரும்பினார்கள். “எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில கிடைச்சுது. எங்க சீட்டு. அவர் போடலை. என்கிட்ட சொல்லவும் இல்லை. காலையில யாரும் இல்லாதப்ப நான் வந்து போட்டேன். இப்ப நீங்க எடுத்தது அது இல்லை. என்னோடது இன்னும் உள்ளேதான் இருக்கு.”

கடிகாரக்காரரின் கைக்கடிகாரம் ஓடுவது மூன்று வரிசைக்குக் கேட்டது.

போஸ்ட்மாஸ்டர் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எடுத்தது நான் எழுதினது. நேத்து சாயங்காலம் டப்பாவை எண்ணினேன். எண்ணாம விட்டா எனக்குச் சோறு இறங்காது, முப்பது வருஷப் பழக்கம். பதினெட்டு இருந்துது. எங்க வீட்டுத் தபால் வந்து சேரலை. நான் சேர்த்தேன். இவளும் சேர்ப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கொத்தனார் கடைசியாக எழுந்தார். மனைவியையும் பார்க்க முடியவில்லை, அக்காவையும் பார்க்க முடியவில்லை. போதகரையே பார்த்துக்கொண்டு, தான் விலகிக்கொண்டதைப் போதகரிடம் சொல்லியிருந்ததாகவும், அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகவும் முணுமுணுத்தார்.

ஒரே குடும்பத்தில் மூன்று பேர் மூன்று இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணும் ஒரு சீட்டைத் தபால்ல அனுப்பியிருக்காளா?” என்றார்.

சிரிப்பு எங்கேயோ ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. டெய்லரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

விழுந்தது விழுந்ததுதான், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று லாரி டிரைவர் சொன்னார். ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள். வீடு இன்னும் கிடைக்காதவர்களும் அதைச் சொன்னார்கள் என்பதுதான் விசேஷம். டெய்லரம்மா தலையை ஆட்டினாள்.

“ரெண்டு சீட்டு உள்ளே இருக்கும்போது விழுந்தது எனக்கு வேண்டாம். என்னோடதைத் தேடி எடுத்துக் கிழிச்சுடுங்க. அண்ணி எழுதினதை மடிச்சுத் திரும்ப உள்ளே போடுங்க. ஒரே ஒரு சீட்டா இருக்கும்போது விழுந்தா, சந்தோஷமா வாங்கிக்கிறேன்.”

“அந்த ஒண்ணும் வேண்டாமே” என்று கொத்தனார் ஆரம்பித்தார்.

“நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஊர் முன்னால் அவர் இப்படி உட்கார வைக்கப்பட்டது இதுதான் முதல் தடவை. பின்னால் இரண்டு மனைவிமார்கள் தங்கள் கணவர்களை அர்த்தத்தோடு பார்த்தார்கள்.

அவள் சொன்னபடியே செய்தார்கள். நீலம் பரவிய சீட்டைப் போதகர் கிழித்தார். நாலாம் எண் வீடு சலூன்காரருக்குப் போயிற்று. ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு சீட்டுக்கும் டெய்லரம்மாவின் நெஞ்சு ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தது. பொய் சொல்வானேன், ஆசைப்பட்டாள். இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதற்கு ஆண்டவர் பதினொன்றையாவது தருவார் என்று உள்ளுக்குள் ஒரு பேரமும் ஓடியது. பதினொன்று கடிகாரக்காரருக்கு விழுந்தது. பன்னிரண்டு ரொட்டிக் கடைக்காரம்மாவின் தங்கைக்கு. டப்பாவில் ஏழு சீட்டு மிச்சம். அதில் ஒன்று வெள்ளைக் காகிதத்தில், கருப்பு மையில்.

டீ கொடுத்தார்கள். டெய்லரம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய்க்கு அருகே போய் நின்றாள். மனசு கனக்கும் என்று எதிர்பார்த்தாள். கனத்தது, உண்மைதான், ஆனால் நான்கு நாளாக அங்கே உட்கார்ந்திருந்த வேறொன்று எழுந்து போயிருந்தது. காலையில் திரை தைத்தபோது இருந்த இறுக்கம் தோளில் இல்லை. வீடு இல்லாதவள் இவ்வளவு லேசாக இருக்கலாமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

கொத்தனார் வந்தார். கையில் டீ இல்லை. கொஞ்ச நேரம் குழாயைத் திறந்தார், மூடினார். சொட்டாத குழாயைச் சரிபார்த்தார்.

“கட்டினவனே எடுத்துக்கிட்டான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு நெனச்சேன்” என்றார்.

“அது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. என்கிட்ட சொல்லியிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

“தெரியும். அதான் கேக்கலை.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ அழுதுக்கிட்டே சரின்னு சொல்லுவே. அந்த வெள்ளத்துல எல்லாத்தையும் பாத்துட்டேன். இதை மட்டும் பாக்கிற தெம்பு எனக்கு இல்லை.” குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தெம்பு இல்லாததுக்குத் தியாகம்னு பேர் வெச்சுட்டேன் போல.”

அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அவரை நேசித்தாள். எப்போதையும்விட அந்த நிமிஷத்தில் கூடுதலாகவே நேசித்தாள். “அழுதா அழறேன். நான் அழறதைப் பாத்துட்டுப் போங்களேன். அதுக்குத்தானே கட்டிக்கிட்டீங்க?” என்றாள். தன் டீயில் பாதியை அவரிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

அப்போது மண்டபத்தின் பின்வாசல் வழியாகக் கடிகாரக்காரர் வந்தார். ஆராதனைக்கென்று போட்டுக்கொண்டு வந்த கோட்டின் பொத்தானை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தடவிக்கொண்டே நின்றார். மூன்று மணிக்குப் பன்னிரண்டு அடிக்கிற கடிகாரத்தையே அசராமல் திருத்துகிறவர், வாயைத் திறக்க இவ்வளவு சிரமப்பட்டு அவர்கள் பார்த்ததில்லை.

“பதினொண்ணாம் நம்பர் எனக்கு விழுந்திருக்கு” என்றார். “ரெண்டு ரூம், ஒரு சமையலறை. நான் ஒரு ஆள். முன் ரூம்ல எனக்கு ஒரு மேஜையும் கட்டிலும் போதும். மிச்ச வீடு சும்மாதானே கெடக்கும்? உங்களுக்கு வீடு வர்ற வரைக்கும் நீங்க எல்லாரும் அங்கேயே வந்துடுங்க. பொண்ணும் லீவுக்கு வரட்டும். எட்டு மாசமா ஒரு அலமாரியைப் பகிர்ந்துக்கிட்டோம், சுவரைப் பகிர்ந்துக்க முடியாதா?”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஆனா அதுக்கு முன்னாடி, வீட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஒண்ணு. உங்க அக்காகிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும். நீங்க தப்பா நெனைக்கலைன்னா.”

அலாரத்தைப் பற்றி ஏதோ சமாதானம் பேசப் போகிறார் என்று கொத்தனார் நினைத்திருப்பார், பாவம். டெய்லரம்மாவின் கண் மண்டபத்துக்குள் ஓடியது. அங்கே போஸ்ட்மாஸ்டர் யாரிடமும் பேசாமல், கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல், பின்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்க்கு ஓய்வு கொடுத்து அவளை டெய்லரம்மா பார்த்ததே கிடையாது.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். அவர் என்ன சொல்வார் என்று டெய்லரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் வாய் ‘வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்பதில் முதல் எழுத்துவரை வந்துவிட்டது. உதட்டிலேயே நின்றது. அவர் அதை விழுங்கினார். விழுங்குவது தொண்டையில் தெரிந்தது. பிறகு மெல்ல, பாரமான கல்லைத் திருப்புகிறவர் மாதிரி, மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொல்றே?” என்றார்.

பெண் பார்த்த அன்றைக்கு அவளைக் கேட்டவர்கள் இல்லை. கீழ்த்தெருவில் வீடு கட்டினபோது கேட்கவில்லை, கதவுக்கு என்ன நிறம் என்றுகூட. வெள்ளத்தில் எதை எடுப்பது எதை விடுவது என்று கேட்க நேரமில்லை. எட்டு மாதமாக அவள் ஒரு வீட்டுக்காக முழங்காலில் நின்றிருந்தாள். வீடு வரவில்லை. வந்தது இந்த மூன்று வார்த்தை. இதை அவள் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்றே அவளுக்குத் தெரியாது.

கடிகாரக்காரர் காத்திருந்தார். கொத்தனாரும் காத்திருந்தார்.

“இன்னொரு தடவை கேளுங்க” என்றாள்.

கேட்டார்.